பென்சில் முனையும் அக்காவின் கழுத்தும்

மார்ச் 4

எலிகளின் கல்லீரல் துண்டுகள் இன்று கண்ணாடித் தகடுகளில் வந்தன. மருந்தைச் சுமந்து செல்வதற்காக நாங்கள் ஊசியில் ஏற்றிய கார்பன் நானோ துகள்கள், மாதங்கள் கழிந்தும் அங்கேயே. பாத்திரத்தின் அடியில் பிடித்த கரி போல. சுற்றியுள்ள செல்கள் அமைதியாகத்தான் இருக்கின்றன. தீங்கில்லை என்று எழுதலாமா? ‘இதுவரை தெரியவில்லை’ என்று எழுதினேன். துறைத் தலைவர் சிரித்தார். “விடிஞ்சிடுச்சான்னு கேட்டாக்கூட நீ இதைத்தான் சொல்லுவே.”

மார்ச் 9

அக்கா கூப்பிட்டாள். தைராய்டில் புற்றுக்கட்டி. சின்னதுதான், எடுத்துவிட்டால் போதும் என்றாராம் மருத்துவர். அவள் அழவில்லை. “ஆபரேஷன்ல கழுத்துக்குள்ள கரி ஊசி போடுவாங்களாம். உன் சாமான்தானே அது? போட்டுக்கலாமா வேணாமா, சொல்லு.”

மார்ச் 10

தெரிந்ததை எழுதிப் பார்க்கிறேன். கரித்துகள் கலந்த திரவத்தைச் செலுத்தினால் தைராய்டும் அதன் நிணநீர்க் கணுக்களும் கறுத்துவிடும். தைராய்டை ஒட்டி, ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் அரிசியளவு சுரப்பிகள் மட்டும் கறுப்பதில்லை. கறுக்காததில் கத்தி படக் கூடாது. அவை போனால் கால்சியம் குறையும், விரல்கள் மரத்து இழுக்கும். அக்கா கட்டட வரைபடம் போடுகிறவள். விரல்தான் அவளுக்கு எல்லாம்.

இந்தத் துகள் எங்களுடையதைவிடப் பெரியது, ரத்தக் குழாய்க்குள் புகாது என்கிறார்கள். சரி. ஆனால் உள்ளே போனது வெளியே வருமா? முப்பது வருடம் கழித்து?

மார்ச் 11

அவ்வளவையும் தொலைபேசியில் சொன்னேன். கத்திவிட்டாள். “நான் என்ன பரீட்சையா வச்சேன்? தங்கச்சியக் கேட்டா பேராசிரியை பதில் சொல்றா!”

ஏன் என்னால ஒரு ‘போட்டுக்கோ’ சொல்ல முடியல? தப்பாப் போயிட்டா... அந்த பயம்தான். வேற என்ன.

மார்ச் 12

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 13

கை கழுவும்போது கண்ணில் பட்டது. இடது உள்ளங்கையில் அந்தப் பழைய கரும்புள்ளி.

சின்ன வயதில் எங்கள் அறை. ஒரே மேசை, ஒரே விளக்கு, சீவிய பென்சில் மரத்தின் வாசனை. மேசை நடுவே அக்கா போட்ட கோடு. “தாண்டினா குத்துவேன்.” தாண்டினேன். சொன்ன சொல் தவறாதவள். பென்சில் முனை என் உள்ளங்கைக்குள்ளேயே ஒடிந்தது. அம்மாவிடம், “கதவுல இடிச்சுக்கிட்டா” என்றாள். நானும் தலையாட்டினேன். படுக்கையில் என் கையை விடவே இல்லை. “விஷம் ஏறுமாடி? செத்துடுவியா?” தன் புது வண்ணப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அதுவும் கரிதான். ஆனால் நானோ துகளும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரே ஆள், ஒரே கை. இதை ஆதாரம் என்று எந்த மாணவி கொண்டு வந்திருந்தாலும் விரட்டியிருப்பேன். ஆனாலும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

கொண்டையில் பென்சில் செருகியபடி கதவைத் திறந்தாள். கையை நீட்டினேன்.

“இன்னுமா இருக்கு?”

“இருக்கு. போகாது. உனக்குப் போடுறதும் போகாம இருக்கலாம். ரொம்ப வருஷம் கழிச்சு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா உன் விரல் மரத்துப் போயிடுமோன்னு அதைவிட பயமா இருக்கு. நானா இருந்தா போட்டுக்குவேன்.”

“இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடி கேடு?”

மார்ச் 27

முடிந்தது. “கறுப்புக்கு நடுவுல அந்தச் சின்னச் சுரப்பிங்க பளிச்சுனு தெரிஞ்சுது, ஒண்ணுகூடப் போகல” என்றார் அறுவை மருத்துவர். மயக்கம் தெளிந்த அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை. காற்றில் விரலால் நேர்கோடு இழுத்துக் காட்டினாள். நடுங்கவில்லை.

ஜூன் 8

தழும்புக்குக் கீழே தோலில் கரி ஊசியின் சாம்பல் நிறக் கறை. மங்கலாம், மங்காமலும் போகலாம். கண்ணாடி முன்னால் நின்று சொன்னாள்: “சரிக்குச் சரி ஆயிடுச்சுடி.” சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பில்லை.

செப்டம்பர் 21

ஞாயிறுதோறும் போகிறேன், கறையைப் பார்க்க என்று பேர். இன்னும் மங்கவில்லை. இன்று அவளுக்கு ஒரு வரைபடம் முடிக்க வேண்டியிருந்தது, எனக்கு எலி அறிக்கை. அவள் மேசையிலேயே எதிரெதிரே உட்கார்ந்தோம். தலை நிமிராமல் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, மேசை நடுவே ஒரு கோடு இழுத்தாள்.

நான் முழங்கையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.