மூன்றாம் முறை கேட்டால்தான் காப்பி

அக்டோபர் 7

இதைத் திறந்து படிக்கப்போகும் பேர்வழிக்கு முன்கூட்டியே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன்: இதில் வரும் கதையை நீ நம்பப்போவதில்லை. எழுதுகிற நானே பாதிதான் நம்புகிறேன்.

தைவானின் தைனானிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா வரை விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்ததில் நான் அரையடி குள்ளமாகிவிட்டேன். விமான நிலையத்தில் அக்கா மகள் கெர்ஸ்டின் என்னைத் தாண்டிப் போய் வேறொரு கிழவரைக் கட்டிப்பிடித்தாள். அவரும் மறுக்கவில்லை.

“மாமா, சுருங்கிட்டீங்களே,” என்றாள் பிறகு.

அக்கா லவோன் வாசலில் நின்றிருந்தாள். அத்தான் போனதிலிருந்து அவ்வளவு பெரிய வீட்டில் அவள் ஒருத்திதான். “வந்துட்டியா. வழியில மான் குறுக்க வந்துச்சா?” என்றாள். எட்டு வருடம் கழித்துப் பார்க்கும் தம்பிக்கு எங்கள் ஊர் வரவேற்பு இதுதான். மனம் நிறைந்துவிட்டது.

அக்டோபர் 8

மாபெரும் குற்றம் செய்துவிட்டேன்.

பாஸ்டரும் பக்கத்து வீட்டு டெல்மரும் வந்திருந்தார்கள். “காப்பி வேணுமா ஆர்விட்?” என்று அக்கா கேட்டாள். “கொடு,” என்றேன்.

அறை உறைந்தது. சுவர்க் கடிகாரம் நின்றது. பாஸ்டர் உள்ளுக்குள் எனக்காக ஜெபித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் முதல் முறை கேட்பது வணக்கம் சொல்வது மாதிரி. ‘வேண்டாம்’ என்பது பதில் வணக்கம். இரண்டாம் முறைக்கு ‘எதுக்கு சிரமம்’. மூன்றாம் முறை கேட்பதுதான் கேள்வி. அதற்கும் ‘சரி, அரைக் கோப்பை போதும்’ என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு மூன்று கோப்பை குடிக்கலாம். தைனானில் யாரும் கேட்பதே இல்லை, தட்டில் வைத்துவிடுவார்கள். அங்கேயே கிடந்து நாக்கு கெட்டுவிட்டது.

டெல்மர்தான் எனக்காகப் பரிந்து பேசினான். “வெளிநாட்டுல ரொம்ப நாள் இருந்துட்டான், பாவம்.”

அக்டோபர் 11

கடைக்குப் போனேன். காலை உணவுப் பெட்டிகள் அடுக்கிய வரிசைக்குள் நுழையும்போது மழமழவென்று சவரம் செய்திருந்தேன். மறுமுனையில் வெளியே வரும்போது தாடி. எதையும் வாங்கவில்லை.

அக்டோபர் 15

களைப்பு. பயணக் களைப்பு என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். ஒரு வாரத்துக்கு மேலா பயணக் களைப்பு இருக்கும்?

இங்கே தெருவில் நடக்க ஆளில்லை. நான் நடந்து போனால் காரை நிறுத்தி, “வண்டி ரிப்பேரா?” என்று கேட்கிறார்கள். தைனானில் தெரு முழுக்க ஆள். ஆனால் வீட்டுக் கதவைத் திறந்தால் என் மனைவி சூ-ஹுவாவின் நீலச் செருப்பு மட்டும். போன மார்ச்சில் அவள் கண்மூடுவதற்கு முன் கழற்றி விட்டபடியே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். எத்தனை நாள்தான் தாண்டுவது?

அக்டோபர் 19

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். ஜன்னலைப் பார்த்தபடி அக்கா சொன்னாள்: “மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுது. யாருக்காக ஓடுதோ தெரியல.”

எங்கள் ஊரில் இதைவிட வெளிப்படையாக ஒருவரை இருக்கச் சொல்ல முடியாது. என் நெஞ்சு இடித்த இடியில் அலமாரித் தட்டுகள் ஆடின. ஆனால் காப்பியில் பட்ட அவமானம் மறக்குமா? இம்முறை வளர்த்த வளர்ப்பைக் காட்டினேன்.

“அதெல்லாம் எதுக்கு அக்கா,” என்றேன்.

இரண்டாம் முறைக்காகக் காத்திருந்தேன். ஒரே தட்டை ஓட்டை விழும்வரை துடைத்தேன்.

அவள், “ம்,” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

அக்டோபர் 20

கேட்கவில்லை.

அக்டோபர் 22

அணில்களைப் பற்றி நிறையப் பேசினாள். கேட்கவில்லை.

அக்டோபர் 25

கெர்ஸ்டினிடம் போட்டு உடைத்தேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“மாமா, அன்னிக்குக் காப்பியை மொதல் தடவையிலயே வாங்கினீங்கள்ல? அதுலேர்ந்து அம்மா, ‘அவன் மாறிட்டான்டி, இப்பல்லாம் வேணும்னா வேணும்கிறான், வேண்டாம்னா வேண்டாம்கிறான்’னு சொல்லிட்டிருக்கா. நீங்க வேண்டாம்னதும் நெசமாவே வேண்டாம்னு நெனச்சிட்டா. அன்னிலேர்ந்து சரியா சாப்பிடல.”

“நீ முன்னாடியே என்கிட்ட சொல்லக் கூடாதா?”

“நான் சொன்னா, தானே கெஞ்சின மாதிரி ஆயிடும்னு அம்மா சொல்வா. உங்க அக்காதானே, தெரியாதா?”

தெரியும். பனியில் கார் புதைந்தால்கூட உதவி கேட்க மாட்டாள், ‘இங்கிருந்து பார்க்க நல்லாத்தான் இருக்கு’ என்பாள்.

அக்டோபர் 27

கிளம்பும் நாள். எங்கள் ஊரில் விடைபெறுவது லேசான வேலை இல்லை. வீட்டுக்குள் ஒரு முறை, வாசலில் ஒரு முறை, கார் ஜன்னலில் ஒரு முறை. விடைபெற ஆரம்பித்தவர்கள் முடிப்பதற்குள் பேரன் எடுத்திருக்கிறார்கள்.

சமையலறையில் சொன்னேன்: “அக்கா, அந்த மாடி ரூமை நான் எடுத்துக்கறேனே.” யாரும் கேட்காமல், நானாகவே. நார்வேயிலிருந்து வந்து குடியேறிய முன்னோர் கல்லறையில் புரண்டு படுத்த சத்தம் அந்த நாடு வரை கேட்டிருக்கும்.

அக்கா மேஜையைத் துடைத்தாள். “உனக்கு எதுக்குடா இந்தக் குளிரெல்லாம்.”

ஒன்று.

வாசலில்: “குளிர் பழகிடும் அக்கா.”

“அங்க உனக்குன்னு வீடு இருக்கு. இங்க என்ன இருக்கு, ஒரு கிழவி.”

இரண்டு. அப்போதுதான் உறைத்தது. அவளும் வளர்த்த வளர்ப்பைத்தான் காட்டுகிறாள்.

காரில் ஏறி ஜன்னலை இறக்கினேன். “அக்கா, அங்க செருப்பு மட்டுந்தான் இருக்கு.”

அவள் வானத்தைப் பார்த்தாள். டெல்மர் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். “மழை வரும்போல,” என்றாள். பிறகு, “நீ இவ்வளவு சொல்றே. சரி, கொஞ்ச நாள் இருந்துதான் பாரேன்.”

அரைக் கோப்பை.

கெர்ஸ்டின் இன்ஜினை அணைத்தாள்.

ஜனவரி 14

பனி தேவாலயக் கோபுரத்தை விழுங்கிவிட்டது. கரண்டியால் சுரங்கம் தோண்டித்தான் தபால்பெட்டிக்குப் போகிறேன். பனி அள்ளும் இயந்திரம் வேண்டுமா என்று டெல்மர் கேட்டான். வேண்டாம் என்றிருக்கிறேன். இன்னும் இரண்டு பாக்கி.

தைனானிலிருந்து பெட்டி வந்தது. நீலச் செருப்பை வாசலில், அக்காவின் பனி பூட்ஸ் பக்கத்தில் வைத்தேன். அவள் பார்த்தாள். தன் பூட்ஸைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

குள்ளமானது, தாடி, ஓட்டை விழுந்த தட்டு, கோபுரம் எல்லாம் புளுகு. கார் ஜன்னலில் மூன்றாம் முறை கேட்டபோது என் குரல் உடைந்தது. அது மட்டும் நடந்தது.