தலைச்சன் பிள்ளை

4 மார்ச் 2024, திங்கள்

கிளினிக்கில் என் ரத்தம் நெகட்டிவ் என்றார்கள். முப்பத்தைந்து வயதில் முதல் பிள்ளை, அதற்கே ஆயிரம் பத்திரம் சொல்கிறார்கள். இப்போது இது வேறு.

நர்ஸ் கலாதேவி மிஸி என் பிங்க் நிறப் பரிசோதனைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே கேட்டார். “உங்க அம்மாவுக்கு எத்தன பிள்ளைங்க பிரமிளா?”

“நாலு. நான் ஒருத்திதான் மிச்சம்.”

பேனா நின்றது. மற்ற மூன்றும் மஞ்சளாகப் பிறந்து செத்துப்போனதாகச் சொன்னேன். அடுத்த தடவை கணவரை அழைத்து வாருங்கள், அவர் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார். யுகேந்திரன் நாற்பதடி லாரி ஓட்டுகிற மனுசன். வீட்டுக்கு வந்து ஊசி என்றதும் முகம் சின்னதாகிவிட்டது.

5 மார்ச்

மிச்சம். ஏன் அந்த வார்த்தை வந்தது?

10 மார்ச், ஞாயிறு

இதை எங்கேயும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்து இரண்டு வருடம் கழித்து ஒரு தம்பி. உடம்பு மஞ்சளாக இருந்தபோது, குளிப்பாட்டிய மஞ்சள்தான் போகவில்லை என்று லய வீடுகளில் நினைத்தார்களாம். நாலாம் நாள் போய்விட்டான். அப்புறம் ஒரு தங்கச்சி. அவள் அவ்வளவு நாள்கூட இல்லை. கடைசியாக வந்தது அழவே இல்லை. மூன்றுக்கும் பெயர் வைக்கவில்லை.

பாப்பா அத்தை, அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னது இன்னும் கேட்கிறது. “தலைச்சனுக்கு வாய் பெரிசு. பின்னால வர்றத எல்லாம் முழுங்கிடுது.” எனக்கு ஆறு வயது. வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

இனி வருவதாவது தங்கட்டும் என்று முனியாண்டி கோயிலில் என்னைச் சாமிக்குக் கொடுத்து, தவிட்டை விலையாக வைத்துத் திரும்ப வாங்கினார்கள். இனி நான் சாமி பிள்ளை, அன்றிலிருந்து அம்மாவை அம்மா என்று கூப்பிடக்கூடாது, அக்கா என்றுதான் என்று பூசாரி சொன்னாராம். அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஈப்போ ஜெலாப்பாங் வீட்டில் என்னோடுதான் இருக்கிறாள் அம்மா, இன்னமும் அவள் எனக்கு அக்கா. இந்த நோட்டில் மட்டும் அம்மா.

யுகேந்திரன் கிண்டல் செய்வார். “தட்டுல ஒரு வாய் சோறு யாருக்கு வக்கிற, பூனைக்கா?” பழக்கம் என்பேன்.

22 மார்ச், வெள்ளி

அவர் ரத்தம் பாசிட்டிவ். மிஸி ஒரு தாளில் படம் வரைந்து சொன்னார்.

“பிரசவத்துல பிள்ளையோட ரத்தம் கொஞ்சம் அம்மா உடம்புல கலந்துடும். பிள்ளை பாசிட்டிவ்னா அம்மா உடம்பு அத வேத்தாளுன்னு நெனச்சி சண்ட போடப் பழகிக்கும். அடுத்து வர்ற பிள்ளைங்கள விடாது. இப்ப அதுக்கு ஊசி இருக்குலா, பயப்படாதீங்க.”

“முதல் பிள்ளை?”

“அது தப்பிச்சிக்கும்.”

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முப்பது வருடமாக அத்தையைப் படிக்காத ஜென்மம் என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அத்தை சொன்னதைத்தானே மிஸியும் சொல்கிறார்?

23 மார்ச்

நான்தான்.

2 ஏப்ரல்

அம்மாவிடம் கேட்டேன், உங்கள் ரத்தம் என்ன என்று. “எனக்கும் நெகட்டிவ்தான். கால் ஆப்பரேஷன் அப்ப சொன்னாங்க.” குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

19 ஏப்ரல்

பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அதில் பை வைக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இன்றைக்கு ஒரு பெண் அதில் உட்கார வந்தாள். “ஆளிருக்கு” என்றேன். வாய் தவறி வந்ததில்லை. உண்மையிலேயே ஆள் இருப்பதாகத்தான் நினைத்தேன்.

வேலையிடத்தில் பிஸ்கட் டின்கள் வரிசையாக வரும்போது என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். திரும்பினால் இல்லை. வயிற்றில் இருப்பது அசைய ஆரம்பித்திருக்கிறது. உன்னையும் நான் ஏதாவது செய்துவிடுவேனா?

12 மே, ஞாயிறு

தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். யுகேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே கூட்டிப்போனார். ரப்பர் மரமும் இல்லை, அப்புறம் நட்ட செம்பனையும் இல்லை. தாமான் குடியிருப்பு வந்துவிட்டது, ஒரே மாதிரி ஓட்டு வீடுகள். பிள்ளைகளைப் புதைத்த மேடு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. யார் வீட்டு அடுப்படிக்குக் கீழே கிடக்கிறார்களோ.

வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு மலாய்க்கார அம்மா யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். தம்பி தங்கச்சியை என்று மலாயில் சொல்லிவிட்டேன், அந்தப் பாஷையில் சின்னப் பிள்ளைகளுக்கும் அதே வார்த்தைதான். அவர் உடனே விளையாட்டுத் திடலைக் கைகாட்டினார். அங்கே சின்னப் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

காரில் ஏறியபிறகுதான் அழுதேன்.

24 ஜூன், திங்கள்

இன்றைக்கு அந்த ஊசி. போடும்போது தாங்க முடியாமல் கொட்டிவிட்டேன். “எங்க வீட்டுல அந்த மூணு பிள்ளைங்களும் செத்தது என்னாலதான் மிஸி. முதல் பிள்ளை நான்தானே.”

மிஸி ஊசியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அம்மா என்ன ரத்தம்?”

“நெகட்டிவ்.”

“நீங்களும் நெகட்டிவ்லா பிரமிளா! ரெண்டும் ஒன்னுதான். உங்க ரத்தம் அவங்க உடம்புல போனாலும் சண்ட போட ஒன்னுமில்ல. நீங்க யாரையும் ஒன்னும் செய்யல.”

மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னொரு தடவையும் கேட்டேன். கிளினிக் வாசலில் நாசி லெமாக் வாங்கி ஒரு பருக்கை விடாமல் தின்றேன். நான் இல்லை. நான் இல்லை, பாப்பா அத்தை, கேட்குதா?

வீட்டுக்கு வருகிற வழியில்தான் மிஸி கடைசியாகச் சொன்னது உறைத்தது. “அம்மாவுக்கு எப்பவாச்சும் ரத்தம் ஏத்தியிருக்கணும். இல்லன்னா உங்களுக்கு முன்னால ஒரு பிள்ளை இருந்திருக்கும்.”

25 ஜூன்

அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, உங்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா?”

“இல்லையே.”

“எனக்கு முன்னால பிள்ளை இருந்துச்சா?”

தலை நிமிரவில்லை. ஒரு மீனை எடுத்தாள், தலையைக் கிள்ளினாள், போட்டாள். “யாரு சொன்னா?” என்றாள்.

இல்லை என்று சொல்லவில்லை.

26 ஜூன்

அம்மா எடுத்து வைத்த சாப்பாட்டைத் தொடாமல் வேலைக்குப் போனேன்.

7 ஜூலை, ஞாயிறு

அவளாகத்தான் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். யுகேந்திரன் சவாரிக்குப் போயிருந்தார்.

“பதினேழு வயசு எனக்கு. ஆம்பளப் பிள்ளை. எங்கப்பா தூக்கிக் கொடுத்துட்டாரு. ஈப்போக்காரங்கன்னு மட்டும் தெரியும். ஒங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.”

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “என்னைய முழுங்குனவன்னு சொன்னாங்களே. ஆறு வயசுப் பிள்ளைய. பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“இந்த ரத்த விசயமெல்லாம் அப்ப யாருக்குத் தெரியும்? மொதப் பிள்ளையக் கொடுத்த பாவம்தான் தொரத்துதுன்னு நெனச்சேன். ஒன்னையச் சொன்னாங்க. சொல்லட்டும்னு விட்டுட்டேன். என்னையச் சொல்லியிருந்தா லயத்துல இருக்க விட்டிருக்க மாட்டாங்க.”

போய்விடு என்று கத்தினேன். கதவு வரை போய்த் திரும்பி நின்றாள்.

“அக்கான்னு ஒன்னையக் கூப்பிட வச்சது பூசாரி இல்ல. நான்தான் கேட்டுக்கிட்டேன். அவன் என்னைய அம்மான்னு கூப்பிட வழியில்லாமப் பண்ணிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டுக் கேக்க எனக்கு என்ன யோக்கியதை?”

பாவமாக இருந்தது. கோபம் கொஞ்சமும் குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

18 ஆகஸ்ட்

அம்மாவுக்கு அறுபது, அப்படியென்றால் அவனுக்கு நாற்பத்து மூன்று. ஈப்போவில் அந்த வயது ஆண்களையெல்லாம் பார்க்கிறேன். பேங்க் கௌண்டரில், சாப்பாட்டுக் கடையில், சிக்னலில் பக்கத்துக் காரில். மூன்று பேராக இருந்தவர்கள் நாலு பேராகிவிட்டார்கள். இவனுக்கு மட்டும் முகம் மாறிக்கொண்டே இருக்கிறது.

அம்மா பஸ்ஸில் எப்போதும் ஜன்னலோரம் கேட்பாள். காற்றுக்கு என்று நினைத்திருந்தேன். இன்றைக்குக் கவனித்தேன். அவளும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

19 செப்டம்பர், வியாழன்

பெண். நேற்றுப் பிறந்தாள். ரத்தம் பாசிட்டிவ். எனக்கு இன்னொரு ஊசி போட்டுவிட்டார்கள், அடுத்து வருகிற பிள்ளைக்காக. ஓர் ஊசி! தோட்டத்தில் யாராவது போட்டிருந்தால்...

இவள் உடம்பில் லேசாக மஞ்சள் தெரிகிறதோ என்று வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அம்மா மட்டும் நம்பவில்லை. தொட்டில் பக்கத்திலிருந்து நகரவே மாட்டேன் என்கிறாள். நான் அவளிடம் அதிகம் பேசவில்லை.

21 செப்டம்பர், சனி

பார்வையாளர் நேரத்தில் பாப்பா அத்தை கோப்பெங்கிலிருந்து ஒரு பை ஆரஞ்சோடு வந்தாள். எண்பது வயதிலும் குரல் வார்டு முழுக்கக் கேட்கிறது. பிள்ளையைப் பார்த்தாள், மூக்கு என் அப்பாவின் மூக்கு என்றாள். பிள்ளையைத் துணியோடு இழுத்து அணைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டில்காரி சும்மா பேச்சுக்குத்தான் அம்மாவிடம் கேட்டாள். “முதல் பேரப்பிள்ளையாம்மா?”

அத்தை முந்திக்கொண்டாள். “ஆமாமா. என் தம்பிக்கு இவ ஒருத்திதான். இவளுக்குப் பின்னால எதத் தங்க விட்டா?”

அம்மா எழுந்து நின்றாள். கால் வலிக்கு எழுந்திருக்கக் கட்டில் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“இவ தலைச்சன் இல்ல அண்ணி,” என்றாள். “இவளுக்கு முன்னால எனக்கு ஒரு பையன். கட்டிக்கிறதுக்கு முன்னாடி. அந்த மூணு பிள்ளைங்களும் செத்தது என் ரத்தத்தால. இவளுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அத்தை மடியிலிருந்த ஆரஞ்சு ஒன்று உருண்டு கட்டிலுக்கடியில் போனது, யாரும் எடுக்கவில்லை.

அம்மா பக்கத்துக் கட்டில்காரியின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க கேட்டீங்களேம்மா. என் மகனுக்கு எத்தன பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியாது. அதனால இது எத்தனாவது பேரப்பிள்ளைன்னு சொல்லத் தெரியல.”