பொன்னழகின் கைத் தேமல்

எரியோடு,
12-7-1961

பிள்ளையின் தகப்பனாருக்கு,

கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் போட்ட கடுதாசி வந்தது. "பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வார அன்னைக்குப் பிள்ளைய வீட்டுல நிறுத்து. கைத் தேமல் வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?" என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு உங்களை நினைக்கவே கூசியது.

பொன்னழகும் படித்துவிட்டாள். "அப்பாவுக்கு என்னயப் பாத்தா அருவருப்பாம்மா?" என்றாள்.

"நீ போய்க் காட்டு தாயி, நானும் வாரேன்" என்றேன்.

டாக்டர் வந்த அன்று அவளே ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு அந்த வெளுத்த தேமலைக் காட்டினாள். டாக்டரம்மா ஊசியால் தொட்டார், அவளுக்கு உறைக்கவில்லை. தொழுநோயின் தொடக்கம்தானாம். மாத்திரையில் குணமாகிவிடுமாம். படிப்பை நிறுத்த வேண்டாமாம். வாரந்தோறும் பள்ளிக்கூடத்திலேயே வாங்கிக்கொள்கிறாள்.

ஒரு வருஷமாக அந்தத் தேமலை மூடிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். என்னை நினைத்தாலும் கூசுகிறது.

அவள் கையால் போடும் சோற்றைச் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் ஆடிக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்