வாசிக்காமல் கொடுத்த புத்தகம்

கண்டக்குழி,
21.06.1992

அன்பு மகள் ரம்ஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கத்தாரில் நீயும் மருமகனும் சின்னவனும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ அனுப்பிய சாரம் பெருநாள் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது, வாப்பா ஒருதரம் உடுத்திப் பார்த்துவிட்டு மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். அவருடைய இருமல் இன்னும் விட்டபாடில்லை, மருந்தைக் குடியுங்கள் என்றால் கோபம் மட்டும் உடனே வருகிறது. பள்ளிக்கூடம் இப்போதும் இரண்டு நேரமாகத்தான் நடக்கிறது, காலையில் நம் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் மன்னாரிலிருந்து வந்த அகதிப் பிள்ளைகள். இரண்டு நேரமும் படிப்பிக்கிறேன், கால் வீங்குகிறது, வேறொன்றுமில்லை.

இந்த வருடம் ஐம்பது புத்தகம் வாசித்து முடிப்பதென்று தை மாதம் நான் நேர்ந்துகொண்டதை உனக்கு எழுதியிருந்தேன். பெற்றோர் கூட்டத்திலும் பெரிய மனுஷியாக எழும்பி, நான் கடைசிப் பக்கம்வரை வாசிக்காத ஒரு புத்தகமும் உங்கள் பிள்ளையின் கைக்கு வராது என்று சொன்னேன். இருபத்திரண்டு வாசித்துவிட்டேன், அவற்றில் பதினாறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், சாவு வரும் ஆறு புத்தகங்களை இந்தப் பிள்ளைகள் பட்டது போதும் என்று அவற்றைத் தந்த தலைமை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதினேழாவதாகக் கொடுத்ததுதான் உன்னுடைய நீல மட்டைப் புத்தகம். நீ சின்னதில் அதை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு மட்டும்தான் எனக்கு ஞாபகம், பிள்ளை சிரித்த புத்தகத்தில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று நான் திறந்தும் பார்க்கவில்லை மகள்.

அதைக் கொண்டுபோனது பின்னேர வகுப்பில் படிக்கும் பளீலா. அவளுடைய வாப்பா ஜபார் இங்கே வந்து பிறருடைய வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர், சித்திரைக் கடைசியில் போன வள்ளம் திரும்பவில்லை. காற்று என்கிறார்கள், வெடிச் சத்தம் கேட்டது என்றும் சொல்கிறார்கள், யாருக்குத் தெரியும். நீந்திக் கரையேறிய ஒருவர், ஜபார் கடலில் தாழ்ந்ததைத் தன் கண்ணால் கண்டதாகப் பள்ளிவாசலில் சத்தியம் செய்தார், அதன் பேரில் மனைவி மரியமைப் புருஷனை இழந்தவளாக இத்தா இருக்க வைத்தார்கள். நாலு மாதமும் பத்து நாளும் அந்த ஓலைக் கொட்டிலுக்குள் வெள்ளை உடுத்தி இருக்க வேண்டும். உம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று பிள்ளை உன் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதில் கடலில் மாண்டதாக ஊரே அழுத மனிதன், ஒரு தீவில் மூன்று வருடம் கிடந்து, கடைசிப் பக்கத்தில் வீட்டுக்கு வந்து சேர்கிறானாம். அடுத்த நாள் காலையிலேயே மரியம் வெள்ளையைக் களைந்துவிட்டுப் பூப்போட்ட சேலை உடுத்திக் கடற்கரைக்குப் போய்விட்டாள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் ஒரு வள்ளமும் இறங்காத நாளிலும் அங்கேதான் நிற்கிறாள். இத்தாவை முறித்தவள் என்று ஊர்ப் பெண்கள் அவள் முகம் பார்ப்பதில்லை.

நான் போய் அது வெறும் கதைதானே என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க முழுக்க வாசிச்சுப் பாத்துச் சரியான புத்தகத்தத்தானே டீச்சர் புள்ளையளுக்குக் குடுப்பீங்க, கூட்டத்தில சொன்னீங்களே என்றாள். ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வந்துவிட்டேன், அந்த வெட்கத்தை உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வது.

வியாழக்கிழமை பளீலா புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். டீச்சர், வாப்பா திரும்பி வராத கதை ஒண்டு இருந்தா தாங்க, உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டோணும் என்று கேட்டாள். பதினொரு வயதுப் பிள்ளை, அழவும் இல்லை. அலுமாரி முழுக்கத் தேடினேன், அப்படி ஒன்றும் இல்லை, இருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தவள் நான்தானே. வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.

சின்னவனை வெயிலில் விடாதே, இளநீர் கிடைத்தால் கொடு. மருமகனுக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பானாக. மறக்காமல் வாப்பாவுக்கு இரண்டு வரி தனியாக எழுது. எனக்காகவும் ஒரு துஆ கேள். நாளைக் காலை சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போகிறேன், அந்தப் புத்தகத்தை நான் வாசிக்கவேயில்லை என்று மரியமிடம் சொல்லப்போகிறேன். அவள் நம்பிக்கொண்டிருப்பது புத்தகத்தை அல்ல மகள், என்னை. அந்த நம்பிக்கையையும் நாளைக்கு நான் எடுத்துவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது.

உன் உம்மா,
லெய்லா