பீலியில் வராத தண்ணீர்

தலவாக்கலை
மார்ச் 16

அன்பு மகள் அனுஷ்காவுக்கு,

மாதாவின் தயவில் இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் டோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், நீயும் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருக்கிறாய், அதனால்தான் அங்கிருந்து லீவில் வந்த ஜெரோமி கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். மழை இன்னும் இல்லை, தேயிலைக் கொழுந்தும் குறைவு. அப்பாவின் இருமல் பரவாயில்லை.

தவக்காலத்தில் பாதர் ஞாயிறுக்கு ஒரு கட்டளையாக எடுத்துப் பேசுகிறார். போன வாரம் களவு செய்யாதே என்பது. பூட்டை உடைக்கிறவன் இன்றைக்குக் கோயிலுக்கு வந்திருக்க மாட்டான், அவனை விடுங்கள், இன்னொருவர் கையில் இருக்க வேண்டியது உங்கள் வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தேடினேன். வாசலில் மிதியடியாகக் கிடக்கிற பெக்டரிச் சாக்கு, திருவிழாச் சமையலுக்கு எடுத்து வந்த கோயில் அகப்பை, நீ பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்காத ஒரு புத்தகம். தூக்கி எறிகிற சாக்கை எடுத்தால் களவா, மறந்துபோய் வைத்திருந்தால் களவா, இது எங்கே தொடங்குகிறது என்று யோசித்துக்கொண்டே அகப்பையைக் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பாய்ந்து வந்தது. அதே நேரம் லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருக்கிற வீரம்மாக்கா வெறுங்குடத்தோடு ஆற்றுக்கு இறங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது. லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான தண்ணீர்ப் பீலி காய்ந்து பத்து நாள், நமக்கு மட்டும் எப்படி வருகிறது?

மேல் ஊற்றிலிருந்து தனியாகப் பைப் இழுத்தேன் என்றுதானே அப்பா ஒன்பது வருடமாகச் சொல்கிறார். நானும் ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டே தேயிலைக்குள் ஏறினேன். அது எந்த ஊற்றுக்கும் போகவில்லை மகள். லயத்துத் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது. பீலிக்குப் போகிற பைப்புக்குக் கீழே, ஒரு முழம் தள்ளி, தொட்டியின் அடியிலே நம்முடையது பொருத்தியிருக்கிறது. தண்ணீர் குறைந்தால் பீலி முதலில் காயும், நமக்குக் கடைசிச் சொட்டு வரைக்கும் வரும். வறட்சியில் வீரம்மாக்காவுக்கு நான் ஒரு குடம் கொடுத்துவிட்டு, பெரிய தர்மம் செய்தவள் மாதிரி நினைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். முதலில் கோபம் வந்தது அவருக்கு. "பைப்பு நான் வாங்குனது, யாரு வீட்லயும் களவெடுக்கல" என்றார். பைப்பு ஒங்களுது, தண்ணி யாருதுங்க என்றேன். பிறகுதான், "பிள்ள ஓஎல் பரீட்ச எழுதுற வருசம். தண்ணிக்கு நின்னா எப்பப் படிக்கும்னு செஞ்சேன்" என்றார். அந்த வருடம் உன்னோடு படித்த வீரம்மாக்கா மகள் வினோதாவை யோசித்தேன். விடியவே ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் தூக்கிவிட்டு, பிந்திப் போய், பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றவள் அவள். பரீட்சைக்கு முன்னமே படிப்பை விட்டுவிட்டாள். அது தண்ணீரால்தானா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் வீரம்மாக்கா வீட்டுக்குப் போனோம். அப்பா தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார். அந்த அக்கா ஆச்சரியப்படவே இல்லை. "எனக்கு அப்பவே தெரியும். தொட்டி கழுவப் போனப்ப பாத்தேன். ஒரு பிள்ளையாவது படிக்கட்டும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். அந்த அக்கா அதோடு விடவில்லை. "மக படிச்சு முடிச்சு வெளிநாட்டுக்கும் போயிருச்சு தெரேசா. அதுக்கப்பறமும் ஏன் கழட்டல?" என்று கேட்டார்கள். உன் படிப்பு என்ற சாக்குத் தீர்ந்த பிறகும் அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் குளித்திருக்கிறோம்.

புதன்கிழமை அப்பா ரம்பம் கொண்டுபோய்ப் பைப்பை அறுத்துவிட்டுத் தொட்டியின் துளையையும் அடைத்தார். லயத்தில் எல்லாரிடமும் தானே சொன்னார், சிலர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பீலியில் மெல்லிய நூலாகத் தண்ணீர் விழுகிறது. இதை எழுதும்போது அப்பா குடத்தோடு வரிசையில் ஏழாவது ஆளாக நிற்கிறார்.

நீ குற்றவாளி என்று சொல்ல இதை எழுதவில்லை, உனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன். வினோதா இப்போது டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாமான் ஒன்றும் வாங்கி அனுப்பாதே. அவளோடு பேசு. அந்த வருடத்தைப் பற்றிக் கேள், அவள் சொல்வதை இடையில் மறிக்காமல் கேட்டுக்கொண்டிரு. அவள் திட்டினாலும் போனை வைத்துவிடாதே.

குளிர் அறையில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு தூங்கு. ஆண்டவர் உன் கையையும் வாக்கையும் காத்து நடத்தட்டும்.

முத்தங்களோடு,
உன் அம்மா
தெரேசா