உங்கள் உதைபந்தாட்டப் புத்தகங்களின் வெற்று ஓரங்கள்

"இஞ்சாருங்கோ" என்றே நாற்பத்தெட்டு வருடம் கூப்பிட்டு, ஒருநாளும் நான் பெயர் சொல்லாத என்னவருக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலருக்கு உங்கள் படத்தைத் தெரிவு செய்துவிட்டேன். கழுத்துப்பட்டி நேராக இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

உள்ளே என்ன போடுவது என்பதில்தான் எனக்கும் மகன் ரமணனுக்கும் இழுபறி. உங்கள் மேசையில் இருந்த பட்டியலைப் போடச் சொன்னேன். உதைபந்தாட்டத்தைப் பற்றி நம் சனம் வாசிக்கவேண்டும் என்று நீங்கள் தேர்ந்த ஏழு புத்தகங்கள்; வரலாறு, ஆட்ட உத்தி, பொருளாதாரம் என்று பிரித்து எழுதியிருந்தீர்கள்.

"அம்மா, தேவாரம் போடுறதுதானே வழக்கம். பந்தடிப் புத்தகத்தைப் போட்டால் இஞ்சை லண்டனிலை, பிளேஸ்டோச் சனம் முழுக்கச் சிரிக்கும்."

"தேவாரம் எல்லார் வீட்டிலையும் இருக்கு. அப்பான்ரை பட்டியல் ஆரிட்டை இருக்கு?"

"சரி, போடுவம். ஆனால் தலைப்பு மட்டும் காணாது. ஏன் வாசிக்கோணும் எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு வரி வேணும்."

அவன் சொன்னது நியாயம். ஒவ்வொரு தலைப்பின் கீழும் நீங்களே ஒரு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். அந்த இடம் யாருக்கென்று எனக்குத் தெரியும். போன மாரியில் கேட்டீர்கள்: "நீர் ஒருக்கா வாசிச்சுப் பாரும். நான் சொல்லுறன், நீர் வடிவா எழுதும்." நான் கோப்பை கழுவிக்கொண்டே, "எனக்கென்ன வேறை வேலை இல்லையே?" என்றேன். நீங்கள் மறுபடி கேட்கவில்லை.

இப்போது வாசிக்கிறேன். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று மாடிப்படிக்குக் கீழே நான் தள்ளிவைத்த புத்தகங்களை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆலைத் தொழிலாளருக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கிடைத்ததால் வளர்ந்த விளையாட்டாம் இது. அவர்களின் கழகங்கள் மெல்ல மெல்லப் பணக்காரர் கைக்குப் போன கதையையும் வாசித்தேன். ஒரு பந்துக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள் என்று நான் ஏளனம் செய்தபோதெல்லாம் நீங்கள் ஏன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை?

நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று ஓரங்களில் தேடினேன். ஒரு புள்ளிகூட இல்லை. நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் புத்தகத்தில் பென்சில் பட்டால் முழங்காலில் நிற்கவேண்டும். அந்தச் சட்டத்தை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். கலியாணமான புதிதில் நீங்கள் ஓரத்தில் எழுதியதை அழித்துத் தரச் சொன்னேன். நீங்களும் அழித்துத் தந்தீர்கள். அதன்பின் எழுதவே இல்லை.

எழுதாமல், பக்க அடையாளத்துக்குத் துண்டுக் காகிதங்களை வைத்திருக்கிறீர்கள். எல்லாம் நான் உங்களிடம் கொடுத்த கடைப் பட்டியல்கள். வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. பட்டியலைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தீர்கள் என்று எத்தனை தடவை ஏசியிருப்பேன்!

பெண்கள் பந்தாட இந்த நாட்டில் மைதானம் தர மறுத்த காலத்தைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு துண்டு இருந்தது. பள்ளியில் நான் வலைப்பந்து ஆடியவள் என்று நினைத்துத்தான் அங்கே வைத்தீர்களா? இல்லை, அந்த இடத்தில் நித்திரை வந்துவிட்டதா?

ஊகித்து எழுதலாம். ஆனால் நீங்கள் சொல்லாததை உங்கள் வாயில் வைக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் துண்டு இருந்த பக்க எண்ணைப் போட்டு, "இங்கே அவர் நின்றார்" என்று மட்டும் எழுதும்படி ரமணனிடம் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு, "ஓம் அம்மா" என்றான்.

ஏழாவது, ஆட்ட உத்தி பற்றியது. அதன் நடுப்பக்கத்தில் நான் கடைசியாக எழுதித்தந்த பட்டியல் இருக்கிறது. பாலுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பிந்திய பக்கங்கள் விரல் படாமல் விறைப்பாக இருக்கின்றன.

இன்று சந்திக் கடையில் ஒரு பென்சில் வாங்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து மீதியை நான் வாசித்து முடிப்பேன். விளங்காத இடங்களில் உங்களைக் கேட்கவேண்டியதை ஓரத்தில் எழுதிவைப்பேன். ஒன்றையும் அழிக்கமாட்டேன்.

நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிடும் குரலுக்கு இன்னும் திரும்பிப் பார்க்கும்
உங்கள் மனைவி,
பரமேஸ்வரி