பராவின் தாளில் என் கையெழுத்து

ஒக். 14, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும்போல இருந்து வரவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினொரு வருடமாக இந்த மாடிக்கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியாயிற்று. மேல்தளத்துக்குப் பூட்டு. லிஃப்டுக்குள் தினமும் ஒரு அறிவித்தல். எனக்கென்று காட்டிய கார் நிறுத்துமிடத்தில் இன்று சங்கத் தலைவர் பராவின் மருமகனுடைய வான் வண்டி. இனி இல்லை.

காரணம் பேப்பரில் வந்த விளம்பரம். புதிய தொலைத்தொடர்புச் சட்ட வரைவு, பொதுமக்கள் வெள்ளிக்கிழமை வரை கருத்து அனுப்பலாம். தமிழ்ப் பிரதியைத் தேடி எடுத்து வாசித்தேன். மொழிபெயர்ப்பு படுமோசம். நான் இதே அமைச்சில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் இப்படியொரு தாள் எங்கள் பிரிவைவிட்டு வெளியே போயிருக்காது. விஷயம் நல்ல விஷயம். மாடிவீட்டில் குடியிருப்பவர் விரும்பிய நிறுவனத்தின் இணையத்தை எடுக்கலாம், கட்டடச் சங்கம் தடுக்க முடியாது.

அதற்குக் கீழே ஒரு வரி. ஏற்கனவே செய்த ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது.

எங்களுக்கு ஒரே நிறுவனத்தின் கம்பிதான். வேறு எவரும் கம்பி இழுக்கக்கூடாது என்று பரா செய்த ஒப்பந்தம். மழை பெய்தால் நெட் இல்லை. பெய்யாவிட்டாலும் பாதி நாள் இல்லை. முறைப்பாடு செய்யத் தொலைபேசி எடுத்தால் தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்லும். மூன்றை அழுத்தினால் பாட்டு.

லிஃப்டில் மூன்றாம் மாடி ஸ்டெல்லா டீச்சர். குடை, லப்டொப் பை. கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்குப் போய் அங்கிருந்துதான் வகுப்பாம். ஓ.எல். பரீட்சைக்குக் கணிதம். பிள்ளைகள் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும்.

"ஒன்லைன் கிளாஸ் எடுக்க ரெண்டு பஸ் ஏறிப் போற ஒரே டீச்சர் நான்தான் அண்ணன்." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "பாதிப் பிள்ளைங்க வேற ஆள்கிட்ட போயிட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போச்சுன்னா நான் விட்டுடணும்."

வரைவைப் பற்றிச் சொன்னேன்.

"நீங்க எழுதுங்க. உங்களுக்குத்தான் அந்த அரசாங்கக் கந்தோர்ப் பாஷை வரும்."

ஓம் என்றேன்.

ஒக். 15, புதன்

மழை. கீழே காவலாளி, நான் கேட்காமலே: "நெட் நே, மாத்தயா." நெட் இல்லையாம்.

செய்ய வேண்டியவை: சீனி வருத்தக் குளிசை, இரண்டு அட்டை. குடைக்கம்பி. பல் டொக்டர் (மறுபடியும்). கருத்து எழுத, இரண்டு பக்கத்துக்குள்.

பின்னேரம் கதவில் பரா. ஒரு கையில் கிளிப் போட்ட தாள், மறு கையில் கேக் பெட்டி.

"ஐசே, நெட் கொம்பனியோட அக்ரிமென்டைப் பத்து வருசத்துக்கு நீட்டுறம். குடியிருக்கிற ஆக்களின்ர சம்மதம் வேணுமாம். உம்மட்டைத்தான் முதல்ல வந்தனான்."

அவசரம் எதற்கென்று எனக்குத் தெரியும். சட்டம் வருமுன் இது ஏற்கனவே செய்த ஒப்பந்தம் ஆகிவிட வேண்டும்.

"வாசிச்சுப்போட்டு நாளைக்குத் தாறன்."

"என்னத்தை வாசிக்கிறது? நீர் படிச்ச மனிசன், ஒரு பார்வை பாத்தாலே காணும். அது சரி, உம்மட லீசும் தையோட முடியுது என்ன? மச்சான் டொரொன்டோவில இருந்து கேட்டவன், என்ன செய்வம் எண்டு."

பராவின் மச்சான்தான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்.

பேனையும் பராவுடையதுதான். முதல் வரியில் கையெழுத்து வைத்தேன். தெளிவாக, இரண்டு இனிஷலோடும்.

கேக்கில் பாதியை நானே தின்றேன். குளிசை வாங்கவில்லை.

ஒக். 16, வியாழன்

வெயில். லிஃப்ட் பழுது. படியில் ஸ்டெல்லா டீச்சர்.

"பரா அங்கிள் தாளோட வந்தாரு. மொதப் பேரு உங்க பேரு."

நான் ஏதோ சொன்னேன். லீஸ், டொரொன்டோ, தை மாதம்.

"நான் ஒண்ணும் கேக்கலயே அண்ணன்." இரண்டு படி இறங்கி நின்றார். "நான் சைன் பண்ணல. நாலாம் மாடி, அஞ்சாம் மாடி எல்லாம் பண்ணிட்டாங்க. அவரு படிச்சவரு, பாத்துத்தான் போட்டிருப்பாருன்னு சொல்றாங்க."

மனைவியிடம் சொன்னேன். தப்பு.

"இனி எழுதி என்ன? அங்க சம்மதம், இங்க எதிர்ப்போ? ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தால் சிரிப்பினம்."

சரியாகத்தான் சொல்கிறாள். அதனால்தான் கோபம் வருகிறது.

ஒக். 17, வெள்ளி

மப்பு வானம். விடியவே எழுதி முடித்தேன். இரண்டு பக்கம், ஒரே கோரிக்கை. அந்த விதிவிலக்கு வரியை எடுங்கள். முடியாவிட்டால், வரைவு வெளிவந்த பிறகு செய்த ஒப்பந்தங்களுக்காவது அந்த விலக்கு பொருந்தக்கூடாது. டீச்சரின் இரண்டு பஸ்ஸையும் எழுதினேன், அவர் பெயர் சொல்லாமல்.

அடியில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் வேண்டுமாம். இல்லாதவை கவனத்தில் எடுக்கப்படமாட்டா.

இருபத்திரண்டு வருடம் அமைச்சில் இருந்தவனுக்கா இதைச் சொல்கிறார்கள்? பெயர் போட்ட கடிதம் வந்தால் இலக்கம் இடுவோம், கிடைத்ததென்று அட்டை அனுப்புவோம், கோப்பில் கட்டுவோம். முடிந்தது. மொட்டைக்கடிதத்தை எங்கே வைப்பதென்று விதி இல்லை. மேசைமேல் கிடக்கும். தேத்தண்ணி நேரம் ஒருவர் உரக்க வாசிப்பார். மத்தியானத்துக்குள் மேலதிகாரியின் அறைக்குப் போய்விடும்.

என்னைப் பற்றியும் ஒன்று வந்தது. அரைப் பக்கம், முழுப் பொய். அடுத்த மாதம் அம்பாறைக்கு மாற்றம். எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆகவே பிரிவில் இருந்த எட்டுப் பேரோடும் கதைப்பதில்லை. அவர்களில் ஒருவருடைய செத்தவீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெயர் போடாமல் எழுதுகிறவன் கோழை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

பெயர் போட்டால் தையில் வீடு இல்லை. அதோடு என் பெயர் ஏற்கனவே பராவின் தாளில். இதிலும் போட்டால் இரண்டுக்கும் மதிப்பில்லை.

மின்னஞ்சலிலும் அனுப்பலாமாம். நெட் இல்லை. தபால் முத்திரையில் இன்றைய திகதி இருந்தால் போதும்.

மூன்றரை. ஜன்னலுக்குக் கீழே டீச்சர் கேட்டைத் தாண்டிப் போகிறார், குடையும் பையுமாக. முதல் பஸ்ஸுக்கு.

உறையை ஒட்டியாயிற்று. உள்ளே பெயர் இல்லை, வெளியே அனுப்புநர் இல்லை. கையால் எழுதிய எழுத்தின் சாயலை மட்டும் மாற்றவில்லை. அந்த எட்டுப் பேரில் எவராவது இன்னும் அமைச்சில் இருந்தால் யாரென்று கண்டுபிடிக்கட்டும். இப்படியே போடுகிறேன். தபாற்கந்தோர் பூட்டுமுன்.